முப்பத்தெட்டுப் பேர் சொன்னது

கலாவதி ஒருத்தியே முப்பத்தெட்டுப் பேரானது மூன்றே நாளில். அதுவும் கட்டிலை விட்டு இறங்காமல்.

செம்மநத்தம் போகிற ரோட்டில் 'பழைய லைன்' என்று சொன்னால் கண்டக்டர் இறக்கிவிடுவார். எஸ்டேட்டை ரிசார்ட்டுக்காரர்கள் வாங்கிக் காபிச் செடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக் கூலி ஆட்களைத்தான் பிடுங்க முடியவில்லை. மொத்தம் முப்பத்தெட்டு வீடு. அந்த வீட்டுப் பெண்களெல்லாம் ஐந்து கிலோமீட்டர் கீழே இருக்கிற வேறொரு எஸ்டேட்டுக்குக் காபிப் பழம் எடுக்கப் போகிறார்கள். காலையில் இறக்கம், பேசிக்கொண்டே போய்விடலாம். சாயங்காலம்தான் ஏற்றம். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் ஜெப்சன் கடைசி மூட்டையை எடை போட்டு முடிக்க மணி ஐந்தாகிவிடும். மேலே வருகிற பஸ்ஸோ நாலேகாலுக்கே எஸ்டேட் கேட்டைத் தாண்டிவிடும். செடி மறைவில் நின்று பார்த்தால், காலி சீட்டெல்லாம் சன்னல் வழியே தெரிய, அது ஆடி அசைந்து ஏறிப் போவது நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் பழம் எடுக்கிறார்கள்.

அந்த ஏற்றத்தின் குறுக்கு வழியில்தான் மார்கழி பிறந்த நாலாம் நாள் கலாவதியின் இடது கால் பிசகியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகும் மேடு ஏறி நடக்கவே கூடாது என்றார்கள். மூன்று வாரம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த 'அதற்குப் பிறகும்'தான் பெரிதாகப் பட்டது. இனி அவள் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் பஸ் வேண்டும். அந்த நேரம் பார்த்து, ஆளே ஏறாத பஸ் எதற்கு என்று அதையும் நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது.

இந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் மேகலா. இருபத்தேழு வயசு, சென்னையில் ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை, ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மலைப் பெண்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்று கேட்டு எழுதி, அதைப் பெரிய பெரிய எழுத்தில் போட்டு, ஜனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டுவது தன் வேலை என்றாள்.

"எழுதிக் கொண்டுபோயி பீரோவுல பூட்டிக்க மாட்டீங்களே?" என்று கலாவதி கேட்டாள்.

"இல்லக்கா. சொன்னவங்ககிட்டயே முதல்ல கொண்டுவந்து காட்டுவோம். அப்புறம்தான் மத்தவங்களுக்கு."

இதைக் கலாவதி அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் மனசெல்லாம் பஸ்ஸிலேயே இருந்தது.

மேகலா பதினோரு மணிக்கு வருவாள். வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும். செம்மநத்தம் போய்த் திரும்பி வருகிற அதே பஸ்ஸை ஐந்து மணிக்குப் பிடித்தால்தான் அவள் ஏற்காடு போய்ச் சேர முடியும். பெண்கள் மேலே வந்து சேர ஆறேகால் ஆகும். பஸ்ஸால் என்ன கஷ்டம் என்று கேட்க வந்தவளை அந்தப் பஸ்ஸே யாரையும் பார்க்கவிடாமல் அடித்தது. மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் கட்டிலில் கிடந்த கலாவதியையும், வாசலில் மேய்ந்த கோழிகளையும் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் முப்பத்தெட்டுக் கேள்வித்தாளையும் ஒரு மைப்பெட்டியையும் கலாவதியிடமே கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு ஒரு பெண், அவரவரே சொல்ல வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லக் கலாவதி எழுதலாம், கடைசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

கலாவதி முதல் நாள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். இதை யாரும் மறுக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தங்கம்மா விறகுக் கட்டை இறக்கிப் போட்டதும் கூப்பிட்டு உட்காரவைத்து முதல் கேள்வியைப் படித்தாள்.

"எல்லாம் நல்லா இருக்குதுன்னு எழுதிக்க புள்ள" என்றாள் தங்கம்மா, கண்ணைத் திறக்காமலே. "ஊருக்குப் புதுசா வந்த புள்ளைகிட்டப் போயி மூக்கைச் சிந்திக்கிட்டா இருப்பாங்க."

மலர் வாசற்படி கூட ஏறவில்லை. நாலு பிள்ளை மாதிரி ஒரு புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, அடுப்புப் பற்ற வைக்கணும் என்று ஓடினாள். என் பேருக்கும் நீயே எழுதிக்க அக்கா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணம்மாள் தாளைப் பார்த்ததும், ரேஷன் கார்டுக்கா என்று கேட்டாள். இல்லை என்றதும் போய்விட்டாள்.

கலாவதி யோசித்தாள். இவர்கள் வாயால் சொன்னால் முப்பத்தெட்டுத் தாளிலும் 'நல்லா இருக்குது' என்றுதான் விழும். நல்லா இருக்கிறவர்களுக்கு எவன் பஸ் விடுவான்? அதே சமயம் இவர்கள் என்ன படுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா. பதினோரு வருஷமாகச் சேர்ந்து நடந்தவள். ஒவ்வொருத்தியும் எந்த வளைவில் மூச்சு வாங்குவாள், எங்கே நின்று யாரைத் திட்டுவாள் என்பதெல்லாம் காதிலேயே இருந்தது. பேனாவை எடுத்தால் அவரவர் குரலிலேயே வந்து விழுந்தது.

அப்படித்தான் தொடங்கியது. நீலப் பேனா, கறுப்புப் பேனா, பிள்ளையின் பச்சைப் பேனா. தங்கம்மாவுக்கு இடது கையால் எழுதினாள். மலருக்குச் சாய்த்து எழுதினாள். உங்கள் சிரமங்களை உங்கள் சொற்களில் எழுதவும் என்று கடைசியில் ஒரு பெட்டி இருந்தது. அதில் தங்கம்மா சொன்னாள்: 'மூன்றாவது வளைவு வந்ததும் முட்டி என்னோடு பேச ஆரம்பிக்கும். நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் உட்கார்ந்துவிடுவேன்.' மலர் சொன்னாள்: 'நான் போய்ச் சேரும்போது அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுப்பு தானாகப் பற்றாது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.' கண்ணம்மாள் மட்டும் சுருக்கமாகச் சொன்னாள்: 'ஒன்றுக்குப் போக மறைவு கிடையாது. அடக்கிக்கொண்டே நடக்கிறேன்.'

கைநாட்டு வைக்கிறவர்கள் பதினொரு பேர். கையில் இருப்பதோ பத்து விரல். பதினொன்றாவது ஆளான கண்ணம்மாளுக்கு, கட்டுப் போடாத காலின் பெருவிரலை மையில் ஒற்றிக்கொண்டிருந்தபோது புருஷன் காளியப்பன் உள்ளே வந்தான்.

"என்ன பண்ணிட்டு இருக்கற?"

"கண்ணம்மாக்கா கைநாட்டு வெக்கறாங்க. நீ போயி கோழியைக் கூடையில கவுத்து."

மேகலா வந்து தாள்களை அங்கேயே உட்கார்ந்து படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். கண்ணம்மாள் தாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லைன் பெண்கள் இவ்வளவு மனசு விட்டுப் பேசுவார்கள் என்று நினைக்கவே இல்லை என்றாள். வாயைத் திறந்தா மூட மாட்டாங்க கண்ணு என்று கலாவதி சொல்லிவைத்தாள்.

பிறகு ஒரு மாசம் மேகலாவைக் காணோம். தை பாதியில் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்களே, பழைய காபிக் களத்தில் அட்டைகளை மாட்டப் போகிறேன், சேலம் கலெக்டர் ஆபீஸிலிருந்து பெரிய மேடம் வருகிறார், பஸ் ஆபீஸிலிருந்து வெங்கடாசலம் என்று ஒருத்தர் வருகிறார், பஸ்ஸை நிறுத்துவதா நேரத்தை மாற்றுவதா என்று மேடம் அங்கேயே பார்த்துச் சொல்லுவார் என்றாள்.

"அதுக்கு முன்னாடி அவங்கவங்க சொன்னது சரியா வந்திருக்கான்னு அவங்களே படிச்சுப் பார்க்கணும்க்கா. அதுதான் முக்கியம்."

போனை வைத்த கலாவதி, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் குச்சியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நாளைக்கு யாராவது கேட்டால் 'ஆமாம், நாந்தான் சொன்னேன்' என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். என்னத்தைச் சொன்னேன் என்றார்கள். நல்லபடியாகத்தான் என்றாள். நல்லபடியாக என்றதும் எல்லாருக்கும் திருப்தியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை களம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெண்கள் பெட்டியில் இருந்த சேலையை எடுத்துக் கட்டி, பூ வைத்து, விருந்தாளிகளுக்கு முறுக்கும் டீயும் வைத்திருந்தார்கள். மேகலா கொடிக்கயிறு கட்டி, துணிக்குப் போடுகிற கிளிப்பால் அட்டைகளை மாட்டியிருந்தாள். பேர் எதுவும் இல்லை. சொன்னது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

அடுப்பு அட்டைக்கு முன்னால் ஆண்கள் கூட்டமாக நின்று சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் மலரின் புருஷன் ராஜ்குமார்தான். எவன்டா அவன், நம்ம லைன்லயா இருக்கான் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். தங்கம்மாவுக்குப் படிக்க வராது. முட்டி அட்டையை மலர் படித்துச் சொன்னாள். தங்கம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பாவம், யாரோ நொம்பக் கஷ்டப்படறா என்றாள்.

மேடம் ஒவ்வோர் அட்டையாக, அவசரப்படாமல் படித்தார். பின்னாலேயே வெங்கடாசலம் ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனுஷன், ஐம்பது வயசு இருக்கும், ஷூவை மட்டும் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்.

"மார்கழி மாசம் நாலேகால் டிரிப்புல ஏறினது சராசரியா மூணு பேருங்க மேடம்" என்றார். "திரும்பி வர்றப்ப ஒருத்தர். அந்த ஒருத்தரும் இந்தப் பொண்ணுதான்" என்று மேகலாவைக் கை காட்டினார்.

மேடம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அட்டையில் இருப்பதை யாராவது நேரில் சொல்லுங்கள், கேட்கிறேன் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. முன்வரிசையில் நின்ற தங்கம்மாவையே பார்த்து, உங்களுக்கு நடந்து வருவதில் என்ன சிரமம் என்று கேட்டார்.

"சிரமமெல்லாம் ஒன்னுமில்லீங்க" என்றாள் தங்கம்மா. "பழகின பாதைதானுங்களே. நீங்க முதல்ல டீயக் குடிங்க, ஆறுது."

மலரும் அப்படியே சொன்னாள். இன்னும் நாலு பேர் அப்படியே சொன்னார்கள். ஒருத்தி, காத்தாட நடந்து வந்தால் உடம்புக்கு நல்லதுங்க என்று வேறு சொன்னாள். வெங்கடாசலம் மேஜை மேல் இருந்த தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தாளை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"இது யாருங்க கைநாட்டு? இவ்வளவு பெருசா இருக்குது?"

பேர் சொல்லக் கூடாது சார் என்றாள் மேகலா. பேர் வேண்டாம்மா, கைநாட்டு வெச்சவங்க கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டட்டும் என்றார் அவர். பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குருவி மாதிரி இருக்கிற கண்ணம்மாள், எதற்கென்றே தெரியாமல், மரியாதைக்குத் தன் விரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த விரலைப் போல மூன்று விரல் சேர்ந்தாலும் அந்த ரேகை வராது.

கலாவதி குச்சியை ஊன்றி எழுந்தாள்.

"அது கையில்லீங்க, என்ற கால். எல்லாத்தையும் நாந்தானுங்க எழுதுனேன். முப்பத்தெட்டும்."

வெங்கடாசலம் ஃபைலை மூடினார். முதலில் வாயைத் திறந்தது தங்கம்மாதான்.

"அப்ப அந்த முட்டி நானா?"

"நீதான்."

"எந்த வளைவுன்னு எழுதின?"

"மூணாவது."

"மூணாவதாம்ல" என்று தங்கம்மா மேடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "முதல் வளைவுலயே போயிருதுங்க என்ற முட்டி. இவ முன்னாடி நடக்கறவ, இவளுக்கு என்னங்க தெரியும்? எத்தன நேரம்னு போட்டிருக்கற?"

"ஒன்னேகால் மணி."

"ஒன்னேகால் மணி உனக்கு. வெறுங்கையில வர்றவ. விறகுக் கட்டைத் தூக்கிட்டு நான் வர்ற நேரத்தை நீ எப்படி எழுதுவ?"

அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. தங்கள் கஷ்டத்தை இன்னொருத்தி சொன்னது கூடப் பரவாயில்லை, குறைத்துச் சொன்னதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. நான் வாரம் ஒரு தடவை வழுக்கி விழுகிறேன் என்று எழுதினாயாமே, மழைக்காலத்தில் தினமும் விழுகிறேனே என்றாள் ஒருத்தி. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறதே, அது எங்கே என்றாள் இன்னொருத்தி. மலர் நேராக அடுப்பு அட்டைக்குப் போய், இதில் பாதிதான் இருக்குது என்றாள். ராஜ்குமார் சிரிப்பை நிறுத்திவிட்டு யாருக்கும் தெரியாமல் பின்வரிசைக்குப் போனான். கண்ணம்மாள் மட்டும் மேகலாவின் காதருகே போய், அது நான் சொல்லலை சாமி, ஆனா நெசந்தான் என்றாள்.

மேடம் ஆறின டீயைக் குடித்து முடிக்கும்வரை எல்லாவற்றையும் கேட்டார். இந்த அறிக்கையை வாங்கிக்கொள்ள முடியாது என்றார். ஒருத்தி எழுதிய தாளை முப்பத்தெட்டுப் பேர் சொன்னதாக மேலே அனுப்ப முடியாது. பத்து நாளில் ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு மறுபடி எழுத வேண்டும். ஐந்து மணிக்கு மேல் தங்கினால் திரும்பிப் போக வழியில்லையே மேடம் என்றாள் மேகலா. மேடம் வெங்கடாசலத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நாளைக்கு நாலேகால் பஸ்ஸை ஐந்தரைக்கு விடுங்கள் என்றார். ஆராய்ச்சிக்காகவா பஸ் என்று அவர் இழுத்தார். ஆமாம், ஆராய்ச்சிக்காகத்தான், யார் ஏறுகிறார்கள் என்று நீங்களே கூட இருந்து எண்ணுங்கள் என்றார் மேடம்.

அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்த மேகலாவிடம் கலாவதி போனாள்.

"கோவமா கண்ணு?"

"உங்களை நம்பினேன்க்கா."

"நான் எழுதுனதுல ஒன்னாச்சும் பொய் இருந்துச்சா?"

"இல்ல. ஆனா அவங்க சொல்லலையே." மேகலா கிளிப்புகளைப் பையில் போட்டாள். "இந்தத் தடவை நீங்க வாயே திறக்கக் கூடாது. உங்க தாளுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

கலாவதி குச்சியை ஊன்றிக் குனிந்து, கீழே கிடந்த ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ் ஐந்தரைக்கு வந்தது. கலாவதியும் குச்சியோடு மெல்ல இறங்கி வேலைக்குப் போனாள். சாயங்காலம், அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த முப்பது பெண்களும் விறகோடும் பையோடும் ஏறினார்கள். வெங்கடாசலம் முன்சீட்டில் உட்கார்ந்து தலையை எண்ணினார். முதல் மூன்று நாள் மேகலா எதுவும் கேட்கவில்லை. பெண்களோடு பழகட்டும் என்று சும்மா வந்து, சும்மா திரும்பினாள். நாலாம் நாள் ஓடுகிற பஸ்ஸிலேயே தாளை எடுத்தாள்.

"கடந்த மூன்று நாட்களில் வேலை முடிந்து வீடு வந்து சேர எவ்வளவு நேரமானது?"

"இருபது நிமிஷம் சாமி" என்றாள் தங்கம்மா.

"அதில் உங்களுக்கு இருந்த சிரமங்கள்?"

தங்கம்மா நன்றாக யோசித்தாள். "சன்னல் சீட்டு கிடைக்கலைன்னா கொஞ்சம் வேர்க்குது."

பின்சீட்டில் இருந்த கலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறக்கக் கூடாது. இருமிப் பார்த்தாள். மேகலா திரும்பி முறைத்தாள். அன்றைக்கு எட்டுத் தாள் முடிந்தது. எட்டிலும் இருபது நிமிஷம், எட்டிலும் சிரமமில்லை. வெங்கடாசலத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சிரமமே இல்லாத ஜனங்களுக்கு எதற்கம்மா நேரத்தை மாற்றணும், பத்து நாள் முடிந்ததும் பழையபடி போகட்டும் என்றார்.

இறங்கியதும் கலாவதி மேகலாவின் கையைப் பிடித்தாள். கேள்வியை மாத்திக் கேளு கண்ணு, பஸ் இல்லாதப்ப எப்படி வந்தீங்கன்னு கேளு என்றாள். மேகலாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. சென்னையிலேயே அனுமதி வாங்கி அச்சடித்த கேள்வி அக்கா, ஒரு எழுத்தை மாத்தினாலும் மறுபடி எல்லாம் செல்லாது என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை செல்லாமல் போனது யாரால் என்பதை அவள் சொல்லவில்லை.

கலாவதி ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தாள். நடந்து வந்தால் சிரமம் தாளில் ஏறும், ஆனால் பஸ் காலியாகப் போகும். பஸ்ஸில் வந்தால் பஸ் நிறையும், ஆனால் சிரமம் தாளில் ஏறாது. எந்தப் பக்கம் போனாலும் பஸ் போய்விடும். இனி தாளை நம்பிப் பிரயோஜனமில்லை, மனுஷனைத்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் எஸ்டேட் கேட்டில் பஸ் வந்து நின்றதும் தங்கம்மா ஏறாமல் கீழேயே நின்றாள். அவளோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். என்ன விஷயம் என்று வெங்கடாசலம் சன்னல் வழியே கேட்டார். இன்றைக்கு நடந்தே வருகிறோம் என்றாள் தங்கம்மா. அஞ்சு கிலோமீட்டர்தானே, நான் காலேஜ் படிக்கிறபோது ஓட்டப் பந்தயத்தில் கப்பு வாங்கியவன், முக்கால் மணியில் ஏறிவிடுவேன் என்றார் அவர்.

கலாவதி வாய் திறக்கக் கூடாது என்பது கேள்வித்தாளுக்கு மட்டும்தானே.

"சாரை விடு தங்கம்மா" என்றாள், பின்சீட்டிலிருந்து, உண்மையான அக்கறையோடு. "வயசான மனுசரு. பஸ்ஸுலயே வரட்டும்."

வெங்கடாசலம் திரும்பி அவளைப் பார்த்தார். ஃபைலை டிரைவரிடம் கொடுத்தார். இறங்கினார். மேகலாவும் பையை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினாள்.

நடந்ததைத் தங்கம்மா பிற்பாடு சொல்லித்தான் கலாவதிக்குத் தெரியும். முதல் வளைவு வரை அவர் முன்னால் நடந்து, நின்று நின்று இவர்களுக்காகக் காத்திருந்தாராம். இரண்டாவது வளைவில் கூடவே நடந்தாராம். குறுக்கு வழியில் ஷூ வழுக்கி, மலரின் விறகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நாலாவது வளைவில் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, இன்னும் எத்தன தூரமுங்க என்று கேட்டாராம். இதோ வந்தாச்சுங்க என்று தங்கம்மா சொன்னாளாம். அதற்கப்புறமும் பாதி வழி இருந்தது. நடுவில் அவர் ஓரமாக மறைவு தேடிப் போய், ரோடு முழுக்க ரிசார்ட்டு வேலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாராம். அதைக் கண்ணம்மாள் மட்டும் கவனித்தாளாம். யாரும் சிரிக்கவில்லையாம். தங்கம்மா சத்தியம் செய்தாள்.

பஸ்ஸில் வந்தவர்கள் லைனில் இறங்கி அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. செம்மநத்தம் போய்த் திரும்பிய பஸ்ஸைக் கலாவதி ரோட்டின் நடுவில் குச்சியோடு நின்று மறித்தாள். உங்க ஆபீசர் பின்னால் நடந்து வருகிறார், விட்டுவிட்டுப் போனால் ராத்திரி எங்க வீட்டில்தான் படுக்கணும், பாய் ஒன்றுதான் இருக்குது என்றாள். டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வளைவில் தலைகள் தெரிந்தன. முதலில் விறகு, அப்புறம் பெண்கள், கடைசியில் ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெங்கடாசலம். பஸ் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கலாவதி சாகிறவரை மறக்க மாட்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காளியப்பன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மேகலா மூச்சு வாங்கிக்கொண்டே தாளை எடுத்தாள். "சார், கடந்த மூன்று நாட்களில் வேலை முடிந்து..."

"இந்த ஒரு நாள் போதும்மா." சொம்பைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்வியே தப்பு. பஸ்ஸுல உக்காந்திருக்கறவங்ககிட்ட நடக்கறதைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவாங்க? மேடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். கேள்வியை மாத்தி அனுமதி வாங்கு. முப்பத்தெட்டுப் பேரையும் மறுபடி கேளு."

"அதுவரைக்கும் பஸ்ஸுங்க?" என்றாள் கலாவதி.

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் அவள் காலைப் பார்த்தார். அந்தப் பெரிய ரேகையை நினைத்திருப்பார் போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டார். அஞ்சரையிலேயே போகட்டும் என்றார். நாலேகாலுக்கு விட்டால் யார் ஏறுவது, எடை போட்டு முடியவே அஞ்சு ஆகுதே என்று, ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி டிரைவரிடம் விளக்கினார். டிரைவர் பதினோரு வருஷமாகத் தெரிந்த விஷயத்தைப் புதிதாகக் கேட்பவர் போலத் தலையாட்டினார்.

கண்டக்டர் அன்றைய டிரிப் ஷீட்டை நீட்டினார். இன்றைக்குப் பஸ்ஸில் வந்தது பதினெட்டுப் பேர், மற்றவர்கள் நடந்துவிட்டார்கள், எத்தனை என்று போடட்டும் என்று கேட்டார். வெங்கடாசலம் பேனாவை வாங்கி, விறகை இறக்கிக்கொண்டிருந்த பெண்களையும் மேகலாவையும் ஒவ்வொருவராக எண்ணினார்.

"நடந்து வந்தவங்களையும் சேர்த்து முப்பதுன்னு போடுய்யா. பஸ்ஸுல ஏற வேண்டிய ஆளுங்கதானே."

"முப்பத்தொன்னுங்க சார்" என்றாள் தங்கம்மா. "உங்களை விட்டுட்டீங்க."